உங்களுக்குத் தெரியுமா? கறுப்புத் திரையில் பதில் மெயில்

● மின்னஞ்சல் பிறந்தபோது அதில் பதில் போடும் வசதியே கிடையாது. 1971-ல் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு வலைப்பின்னல் வழியே முதல் கடிதத்தை அனுப்பினார். ஆளின் பெயருக்கும் கம்ப்யூட்டரின் பெயருக்கும் நடுவே @ குறியை வைத்தவரும் அவர்தான். அவர் பயன்படுத்திய 'செண்ட் மெசேஜ்' நிரலுக்கு அனுப்ப மட்டுமே தெரியும். வந்த கடிதங்கள் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். பதில் எழுத வேண்டுமா? படித்துக்கொண்டிருந்த கோப்பை மூடி, அனுப்பும் நிரலைத் திறந்து, முகவரி முதல் எல்லாவற்றையும் மறுபடி கையால் அடிக்க வேண்டும்.

● அடுத்த ஆண்டே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்பாவின் லாரி ராபர்ட்ஸ் 'ஆர்டி' என்ற நிரலை எழுதினார். கடிதங்களைப் பட்டியலிட்டு, வேண்டியதை மட்டும் படிக்க அது வழிசெய்தது. 1975-ல் ஜான் விட்டல் எழுதிய 'எம்எஸ்ஜி' நிரலில் 'ஆன்சர்' என்ற கட்டளை வந்தது. வந்த கடிதத்தின் தலைப்பகுதியைப் படித்து, பதில் யாருக்குப் போக வேண்டும் என்பதை நிரலே நிரப்பிக்கொண்டது. மின்னஞ்சலின் வரலாற்றில் @ குறிக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இந்தக் கட்டளைக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டுக்கொண்ட காலம் போய், இருவரும் பேசிக்கொள்ளத் தொடங்கியது அங்கேதான்.

● நீங்கள் போடும் பதில் எந்தக் கடிதத்துக்கானது என்பது மற்றவரின் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? தலைப்பை வைத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் பதிவுத் தபால் எண்ணைப்போல 'மெசேஜ் ஐடி' என்று ஒரு தனி அடையாளம் உண்டு. பதில் எழுதும்போது அந்த அடையாளம் 'இன் ரிப்ளை டு' என்ற வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு முந்தைய கடிதங்களின் அடையாளங்கள் 'ரெஃபரன்சஸ்' என்ற வரியில் வரிசையாகச் சேரும். இந்த வரிகளை 1977 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 733 என்ற ஆவணத்திலேயே காணலாம். அதை எழுதிய நால்வரில் விட்டலும் ஒருவர். ஜன்னல் திரை மெயில்கள் இவற்றை மறைத்து வைக்கின்றன. கட்டளை வரி நிரலில் ஒரு விசை தட்டினால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

● அதனால்தான் பழைய மெயிலுக்கு 'ரிப்ளை' கொடுத்து, தலைப்பை மாற்றிவிட்டு, வேறு விஷயம் எழுதக் கூடாது. தலைப்பு புதிதானாலும் உள்ளே அடையாளம் பழையதுதான். பல நிரல்களில் உங்கள் புதிய செய்தி பழைய பேச்சின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

● யூனிக்ஸில் இன்றும் 'மெயில்' என்று அடித்தால் திறக்கும் நிரல் 1978-ல் பெர்க்லியில் கர்ட் ஷோன்ஸ் எழுதியதன் வாரிசு. அதில் பதிலுக்கு இரண்டு கட்டளைகள்: சின்ன ஆர், பெரிய ஆர். சின்ன ஆர் அடித்தால் அனுப்பியவருக்கும், அந்தக் கடிதம் போன மற்ற எல்லாருக்கும் பதில் போகும். பெரிய ஆர் அடித்தால் அனுப்பியவருக்கு மட்டும். எளிதில் விரல்படுவது சின்ன எழுத்து. அது ஊருக்கெல்லாம் போகிறது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும்: இரண்டையும் இடம் மாற்ற 'ஃபிலிப் ஆர்' என்ற அமைப்பையே யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையில் சேர்த்திருக்கிறார்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும்.

● பின்னாளில் வந்த 'மட்' நிரலில் இது நேர்மாறு. அங்கே சின்ன ஆர் என்றால் அனுப்பியவருக்கு மட்டும்; எல்லாருக்கும் வேண்டுமானால் ஜி. ஒரு நிரலில் பழகிய விரல் இன்னொன்றில் ஏமாற்றும், ஜாக்கிரதை.

● எல்லாருக்கும் போகும் பதில் என்ன செய்யும் என்பதற்கு 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் நடந்தது பாடம். ஆயிரக்கணக்கானோர் அடங்கிய ஒரு பட்டியலுக்கு வந்த மெயிலுக்கு, 'என் பெயரை நீக்குங்கள்' என்று எல்லாருக்கும் போகும்படி பதில் போட்டார்கள். 'எனக்கும்தான்' என்று அடுத்தவர்கள். 'எல்லாருக்கும் பதில் போடாதீர்கள்' என்று எல்லாருக்கும் இன்னும் சிலர். அஞ்சல் சர்வர்கள் திணறிப்போயின. 'பெட்லம்' என்ற அந்தப் பட்டியலின் பெயர் கணினித் துறையில் இன்றும் நினைவில் இருக்கிறது.

● 'பிசிசி'-யில் வந்த மெயிலுக்கு 'ரிப்ளை ஆல்' கொடுத்தால், நீங்களும் அதைப் படித்தீர்கள் என்பது மற்றவர்களுக்கு அப்போதுதான் தெரியவரும். ஒளித்து அனுப்பியவரைக் காட்டிக்கொடுத்துவிடுவீர்கள்.

● பெர்க்லி மெயிலில் பதில் எழுதும்போது மூலக் கடிதம் தானாக வராது. வெற்றுத் திரைதான். வரியின் தொடக்கத்தில் ~ குறியும் அடுத்து எம் எழுத்தும் அடித்தால், வந்த கடிதம் சற்று உள்தள்ளி உங்கள் பதிலுக்குள் இறங்கும். ~ குறியோடு இ சேர்த்தால் எடிட்டர் திறக்கும். பி சேர்த்தால் இதுவரை எழுதியதைக் காட்டும். எஸ் சேர்த்தால் தலைப்பை மாற்றலாம். எழுதியது வேண்டாம் என்று கன்ட்ரோல் சி-யை இருமுறை தட்டினாலும், அரைகுறைக் கடிதம் 'டெட் லெட்டர்' என்ற கோப்பில் பத்திரமாக இருக்கும். மூலக் கடிதம் தானாக ஒட்டிக்கொள்ளாத அந்த வெற்றுத் திரையை நான் மனதார மதிக்கிறேன். எதற்குப் பதில் சொல்கிறோம் என்று யோசித்து, அதை மட்டும் இழுத்துவர அது பழக்குகிறது.

● கடிதம் முடிந்தது என்பதை எப்படிச் சொல்வது? கன்ட்ரோல் டி. அல்லது, அப்படி அமைத்திருந்தால், தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. அதே புள்ளிதான் சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி நெறிமுறையிலும் கடிதத்தின் முடிவைச் சொல்கிறது. அப்படியென்றால் கடிதத்துக்குள்ளேயே புள்ளி மட்டும் உள்ள வரி இருந்தால்? அனுப்பும் கம்ப்யூட்டர் அதன் முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்க்கும். வாங்கும் கம்ப்யூட்டர் அதை எடுத்துவிடும். நீங்கள் எந்த ஆப்பில் எழுதினாலும், கடிதம் இந்த நெறிமுறை வழியே போகும்போது பெரும்பாலும் இது நடந்துகொண்டிருக்கிறது.

● பெர்க்லி மெயிலில் ~ குறியோடு ஆச்சரியக்குறி சேர்த்தால், மெயில் எழுதும் இடத்திலிருந்தே ஷெல் கட்டளையை ஓட்டலாம். மனிதர் தட்டச்சு செய்யும்வரை இது வசதி. வெளியாள் எழுதிய உரையை ஒரு ஸ்கிரிப்ட் அப்படியே மெயில் நிரலுக்குள் ஊற்றினால் ஆபத்து. 'ஃபெயில்2பேன்' என்ற பாதுகாப்பு மென்பொருளில் 2021-ல் கண்டறியப்பட்ட ஓட்டை இதுதான்: ஒரு முகவரி யாருடையது என்று சொல்லும் 'ஹூ இஸ்' தகவலுக்குள் இந்தக் குறியை ஒளித்து வைத்தால், எச்சரிக்கை மெயில் அனுப்பப் போகும் சர்வரே அந்தக் கட்டளையை நிறைவேற்றிவிடும். சர்வர் பராமரிப்பவர்கள் தங்கள் ஸ்கிரிப்டுகளை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

● ராண்ட் நிறுவனத்தில் உருவான 'எம்ஹெச்' நிரலில் மெயிலுக்கென்று தனித் திரையே கிடையாது. ஒவ்வொரு கடிதமும் ஒரு கோப்பு. பதிலுக்கு ஷெல்லிலேயே 'ரெப்ல்' என்று ஒரு கட்டளை. அதன் வாரிசு 'என்எம்ஹெச்' இன்றும் கிடைக்கிறது.

● இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது மெட்ராஸும் அதில் இருந்தது. ஷெல் கணக்கு வாங்கியவர்களுக்குப் படம் எதுவும் தெரியாது. எழுத்துத் திரை மட்டும். மோடம் இரைச்சல் அடங்கியதும் அவர்கள் மெயில் படித்தது 'பைன்' நிரலில். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1989-ல் தன் அலுவலக ஊழியர்களுக்காகத் தொடங்கிய நிரல் அது. கணினி நிபுணர் அல்லாதவர்களை மனதில் வைத்துச் செய்ததால், பதில் போடும்போது ஒவ்வொன்றாகக் கேட்கும்: மூலக் கடிதத்தைச் சேர்க்கட்டுமா? எல்லாருக்கும் அனுப்பட்டுமா? கேட்டுவிட்டுச் செய்யும் அந்தப் பண்பு இன்றைய ஆப்களில் பலவற்றுக்கு இல்லை.

● லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் 'நானோ' எடிட்டருக்கும் பைனுக்கும் உறவு உண்டு. பைனில் கடிதம் எழுதுவதற்காக வைத்த எடிட்டர் 'பிகோ'. அதைப் பார்த்துச் சுதந்திர மென்பொருளாக எழுதப்பட்டது நானோ.

● 1995-ல் மைக்கேல் எல்கின்ஸ் தொடங்கிய மட் நிரல், பதில் எழுதுவதில் மிக நுட்பமானது. எடிட்டரைத் திறந்து ஓர் எழுத்துகூட மாற்றாமல் மூடினால், அனுப்பும் எண்ணம் இல்லை என்று புரிந்துகொண்டு பதிலைக் கைவிடும். உங்களுக்கு நான்கு முகவரிகள் இருந்தால், எந்த முகவரிக்குக் கடிதம் வந்ததோ அதிலிருந்தே பதில் போகும்படி வைக்கலாம். தவறான இடத்தில் தொங்கும் பதிலை # தட்டிப் பிரித்து, & தட்டிச் சரியான இடத்தில் சேர்க்கலாம். கடிதத்தில் 'அட்டாச்' என்று எழுதிவிட்டுக் கோப்பை இணைக்க மறந்தால் தடுக்கும் வசதியும் உண்டு. அந்தச் சொல்லை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், தமிழில் எழுதுபவர்கள் 'இணைத்து' என்பதையும் சேர்த்துவிட்டால் நிரல் நமக்காகவும் விழித்திருக்கும்.

● தமிழில் தலைப்பு வைத்தால் என்ன நடக்கிறது? யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். ஆக 15 பைட். மெயிலின் தலைப்பு வரியில் வழக்கமாகப் பழைய ஆங்கிலக் குறிகள் மட்டுமே செல்லும் என்பதால், பேஸ்64 முறையில் அது 20 எழுத்துகளாக மாறிப் பயணம் செய்கிறது. அப்படி மாற்றிய ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. கணக்குப் போட்டால் ஒரு துண்டில் 15 தமிழ்க் குறிகள்தான் அடங்கும். நீளமான தலைப்பு பல துண்டாகிப் போய், மறுமுனையில் ஒட்டப்படுகிறது. சில பழைய நிரல்களில் தமிழ்த் தலைப்புக்குப் பதிலாகக் கேள்விக்குறியும் சமக்குறியும் கலந்த வரி தெரிவது, அந்த நிரல் இந்தத் துண்டுகளை மீண்டும் தமிழாக மாற்றாததால்தான்.

● லினக்ஸ் கெர்னலை உருவாக்குபவர்கள் இன்றும் தங்கள் மாற்றங்களை எளிய எழுத்து மெயிலாகவே அனுப்பி விவாதிக்கிறார்கள். ஜிமெயிலின் இணையப் பக்கத்தை இதற்குப் பயன்படுத்த முடியாது என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. அது டேப் இடைவெளியைச் சாதா இடைவெளியாக மாற்றிவிடும். பதில் எழுதும் முறையிலும் கண்டிப்பு உண்டு: எந்த வரிக்குப் பதிலோ அந்த வரியை > குறியோடு வைத்து, அதற்குக் கீழே எழுத வேண்டும், மற்றதை வெட்டிவிட வேண்டும். எத்தனை பேர் பேசினாலும் யார் எதற்குச் சொன்னார் என்று குழம்பாமல் படிக்க முடிகிறது. மேலே ஒற்றை வரி, கீழே முப்பது பழைய மெயில்களின் வால் என்று வரும் அலுவலகப் பதில்களைவிட இது எவ்வளவோ மேல்.

● கையெழுத்துக்கு முன்னால் இரண்டு கோடும் ஓர் இடைவெளியும் கொண்ட தனி வரி வைப்பது மரபு. தண்டர்பேர்டு போன்ற மெயில் நிரல்கள் அந்த வரியைக் கண்டதும், பதிலில் கையெழுத்தை மேற்கோள் காட்டாமல் விட்டுவிடும். வரிக் கடைசியில் உள்ள இடைவெளிகளை நீக்கும்படி எடிட்டரை அமைத்திருந்தால் இந்தக் குறி பழுதாகிவிடும்.

● ஊரில் இல்லாதபோது தானாகப் பதில் போட யூனிக்ஸில் 'வெக்கேஷன்' என்ற சிறு நிரல் உண்டு. ஒரே ஆளுக்கு வாரம் ஒருமுறைக்கு மேல் பதில் அனுப்பாது. சர்வர் அனுப்பும் கடிதங்களுக்கும், மொத்தமாக வரும் கடிதங்களுக்கும் வாய் திறக்காது. இரண்டு தானியங்கிகள் விடிய விடியப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஆபத்தை 1980-களிலேயே யோசித்திருக்கிறார்கள்.

● இதையெல்லாம் நீங்களே பார்க்கலாம். லினக்ஸிலோ, தொகுப்பு மேலாளர் உள்ள மேக்கிலோ மட் நிரலை நிறுவ ஒரே கட்டளை போதும். ஜிமெயில் கணக்கென்றால் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை உருவாக்கி, அதை மட் அமைப்பில் கொடுங்கள். முதலில் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். வந்ததும் ஆர் தட்டிப் பதில் எழுதுங்கள். தேவையில்லாத மேற்கோள் வரிகளை அழியுங்கள். யாருக்குப் போகிறது என்ற வரியைப் படித்துவிட்டு அனுப்புங்கள். அந்தப் பதில் வந்து சேர்ந்ததும் அதைத் திறந்து ஹெச் விசையைத் தட்டினால் முழுத் தலைப்பகுதியும் தெரியும். 'இன் ரிப்ளை டு' வரி அதில் இருக்கும்.