ஊர் இரண்டு; இசை ஒன்று

'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்பது நம் முன்னோர் வாக்கு. ஊரார் பிளவுபட்டு நின்றால் இரு பகுதியாரும் போட்டியிட்டுக் கூத்து வைப்பர். கூத்தாடியின் மடி நிறையும். ஆனால், கூத்தாடிகளே இரண்டுபட்டால் கொண்டாட்டம் யாருக்கு? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த நாம், அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில் 1920களிலும் 1930களிலும் போட்டியிட்டு வாழ்ந்த இரு ஜாஸ் வாத்திய கோஷ்டிகளின் வரலாற்றைக் கண்டோம். அதனை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

சமவெளியின் இரு நகரங்கள்

மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த கன்ஸாஸ் சிற்றி ஒரு நகரம். ஒக்லஹோமா மாநிலத்தின் தலைநகரான ஒக்லஹோமா சிற்றி மற்றொன்று. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 350 மைல் தூரம் உண்டு. ஆயினும் அந்தப் பரந்த சமவெளியில், இன்றிரவு ஓரூரிலும் நாளை இரவு வேறோரூரிலும் நடனத்துக்கு வாசித்துப் பிழைத்த வாத்தியக்காரருக்கு இவை அண்டை ஊர்களே. இப்படி ஊர் ஊராகச் சென்ற கோஷ்டிகளைப் 'பிராந்தியக் கோஷ்டிகள்' என வழங்கினர். அவற்றுட் பல கறுப்பின மக்களுடையவை. வெள்ளையர் ஆடும் மண்டபத்தில் அவர்கள் வாசிக்கலாம். வெள்ளையர் தங்கும் ஹோட்டலில் தங்க இயலாது. இசையோடு பசியையும் அவமதிப்பையும் சுமந்தே அவர்கள் பயணஞ் செய்தனர்.

கன்ஸாஸ் சிற்றியில் மட்டும் வேலைக்குக் குறைவில்லை. ரொம் பென்டர்காஸ்ட் என்னும் அரசியற் பிரமுகரின் பிடியில் அந்நகரம் இருந்தது. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதும், அங்கே அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. விடிய விடியத் திறந்திருந்த களியாட்ட விடுதிகளுக்கு விடிய விடிய இசை தேவைப்பட்டது. ஒழுக்கக் கேட்டின் நிழலிலே உயர்ந்ததொரு கலை வளர்ந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

முதலாளியும் பங்காளிகளும்

கன்ஸாஸ் சிற்றியின் முதன்மைக் கோஷ்டிக்குத் தலைவர் பென்னி மோட்டன். அவ்வூரிற் பிறந்த பியானோ வாத்தியக்காரர். 1923ஆம் ஆண்டிலேயே இசைத்தட்டுப் பதிவு செய்தவர். 1926 முதல் விக்டர் கம்பெனியின் ஆதரவைப் பெற்றவர். நல்ல மண்டபங்களும் நிலையான வருவாயும் அவர் கைவசம் இருந்தன.

ஒக்லஹோமா சிற்றியின் கோஷ்டிக்குப் 'புளூ டெவில்ஸ்' என்று பெயர். நீலப் பேய்கள் என்பது பொருள். 1925ஆம் ஆண்டில் அதற்குத் தலைமை ஏற்றவர் வோல்ரர் பேஜ். இவரும் கன்ஸாஸ் சிற்றியிலே கல்வி கற்றவர். மோட்டனின் கோஷ்டியிலேயே முன்னர்ச் சில ஆண்டுகள் வாசித்தவர். லிங்கன் உயர்தரப் பாடசாலையில் இவருடைய சங்கீத ஆசிரியராயிருந்தவர் மேஜர் கிளார்க் ஸ்மித். பாடசாலை வாத்தியக் குழுவில் பாஸ் வாசிக்க ஆள் இல்லாதபோது, ஆசிரியர் இம்மாணவனைச் சுட்டி, ஆள் உயரம் நிற்கும் அந்தத் தந்தி வாத்தியத்தை எடுக்கப் பணித்தாராம். அந்த ஒரு கட்டளை ஜாஸ் இசையின் போக்கையே மாற்றிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

புளூ டெவில்ஸ் கோஷ்டியில் முதலாளி என்று ஒருவர் இலர். கிடைத்த பணத்தைச் சமமாகப் பங்கிட்டனர். முக்கியமான விடயங்களை வாக்கெடுத்துத் தீர்மானித்தனர். மோட்டனிடம் பணமும் பெயரும் இருந்தன. பேஜிடம் ஒற்றுமையும் துடிப்பும் இருந்தன.

அக்காலத்தில் 'கோஷ்டிப் போர்' என்றொரு வழக்கம் இருந்தது. ஒரே மண்டபத்தில் இரு கோஷ்டிகள் மாறி மாறி வாசிக்கும். ஆடுவோரின் ஆரவாரமே தீர்ப்பு. இத்தகைய போரில் புளூ டெவில்ஸை எதிர்கொள்ளப் பிற கோஷ்டிகள் அஞ்சின என்பது அந்நாளைய வாத்தியக்காரர் சொல்லிச் சென்ற செய்தி.

அக்கோஷ்டியின் ஆற்றலுக்குச் சான்று ஒன்று கூறுவோம். 1927ஆம் ஆண்டு, நியூ ஜேர்சி மாநிலத்தவரான வில்லியம் பேஸி என்னும் இளைஞர் ரல்ஸா நகர ஹோட்டல் ஒன்றிலே துயின்றுகொண்டிருந்தார். காலையில் எங்கிருந்தோ வந்த இசை அவரை எழுப்பிற்று. யாரோ இசைத்தட்டுப் போடுகின்றனர் என்றெண்ணிக் கீழே இறங்கி வந்தவர், தெருவிலே விளம்பரத்துக்காக வாசித்து நின்ற புளூ டெவில்ஸ் கோஷ்டியைக் கண்டார். அடுத்த ஆண்டே அதில் ஓர் அங்கத்தவரானார். இவரே பிற்காலத்தில் 'கவுண்ற் பேஸி' என உலகப் புகழ் பெற்றவர்.

ஒருவர் பின் ஒருவராக

மேடையில் வெல்ல முடியாத கோஷ்டியை மோட்டன் வேறு வழியில் வென்றார். அதன் ஆட்களையே விலைக்கு வாங்கினார். 1929இல் பேஸி போனார். கிற்றாரும் ட்ரம்போனும் வாசித்து, இசையமைப்பிலும் வல்லவராய் விளங்கிய எடி டேர்ஹம் போனார். பின்னர், ஒக்லஹோமா சிற்றி பெற்றெடுத்த பாடகர் ஜிம்மி றஷிங் போனார். ட்ரம்பெட் விற்பன்னர் 'ஹொட் லிப்ஸ்' பேஜும் போனார். அது பொருளாதார மந்தம் உலகை வாட்டத் தொடங்கிய காலம். நிலையான சம்பளத்தை நாடிச் சென்றோரை நாம் குறை கூறவியலாது. குடும்பம் என்று ஒன்று எல்லோருக்கும் உண்டன்றோ?

இங்கே மோட்டனின் பெருந்தன்மை ஒன்றையும் சொல்லாது விடல் முறையன்று. அவரே பியானோக்காரர். தம்மினும் சிறந்தவர் பேஸி என்று கண்டதும், தமது ஆசனத்தை இளைஞருக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கினார். ஆளைக் கவர்ந்தவர், அவ்வாளின் திறமைக்குத் தலைவணங்கவும் அறிந்திருந்தார்.

புளூ டெவில்ஸ் தமது பெயரில் இசைத்தட்டுக்காக வாசித்தது ஒரே ஒரு நாள். 1929 நவம்பர் 10ஆந் திகதி, இரண்டே உருப்படிகள். அப்பதிவு நிகழ்ந்த இடம் எது என நினைக்கின்றீர்கள்? போட்டியாளரின் கோட்டையான கன்ஸாஸ் சிற்றி! அந்நேரம் பேஸி மோட்டனிடம் போய்விட்டார். எஞ்சியோரும் சிறிது சிறிதாகக் கலைய, 1931ஆம் ஆண்டளவில் தலைவரான வோல்ரர் பேஜே தாம் வளர்த்த கோஷ்டியைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு, மோட்டனிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு தலைவனுக்கு இதனினும் கசப்பான நாள் வேறு இருத்தல் கூடுமோ?

தோற்றவரின் இசை

வென்றவர் மோட்டன் என்று கதையை இங்கே முடித்துவிடலாம். ஆனால், காது வேறு தீர்ப்புக் கூறுகின்றது. மோட்டன் கோஷ்டியின் 1920களின் இசைத்தட்டுகளையும், 1932 டிசம்பர் 13ஆந் திகதி அது நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகரில் பதிந்தவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டோம். முன்னவற்றில் பித்தளைக் குழலான ரியூபா 'பொம், பொம்' என்று கனத்த அடி வைக்கின்றது. பின்னவற்றில் ரியூபா இல்லை. வோல்ரர் பேஜின் தந்தி பாஸ் இருக்கின்றது. தாள வட்டத்தின் நான்கு அடிகளையும் சமமாக மிதித்து, ஒருவன் இலேசாகக் காலாற நடப்பது போல அது நடக்கின்றது. அதன்மேல் குழல் வாத்தியங்கள் சிறு சிறு இசைத் தொடர்களைத் திருப்பித் திருப்பி வாசித்துச் சூடேற்றுகின்றன. தனி வாசிப்பவர் அவ்வலையின்மேற் பறக்கின்றார். பெயர் மோட்டனின் கோஷ்டி. நாடித்துடிப்போ புளூ டெவில்ஸினுடையது.

அந்தப் பதிவுக்கு அவர்கள் எந்நிலையிற் சென்றனர் தெரியுமா? கையிற் காசின்றி, பட்டினியோடு சென்றனர். யாரோ ஒரு புண்ணியவான் ஏற்பாடு செய்த முயற் குழம்பை உண்டுவிட்டே வாத்தியங்களைத் தொட்டனர் என அவர்களுள் ஒருவர் நினைவுகூர்ந்துள்ளார். முன்னாட் போட்டியாளர் ஒரே பாத்திரத்திலிருந்து உண்டு, ஒரே மூச்சில் ஊதினர். அன்று பிறந்த 'மோட்டன் ஸ்விங்' ஜாஸ் இசையின் அழியாச் செல்வங்களுள் ஒன்றாகி விட்டது. அதுவே மோட்டனின் இறுதிப் பதிவுமாயிற்று.

ஒக்லஹோமா கோஷ்டியில் எஞ்சியோரின் கதை 1933இல் முடிந்தது. மேற்கு வேர்ஜீனியாவின் புளூஃபீல்ட் என்னும் ஊரில் அவர்கள் திக்கற்று நின்றனர். வாடகைக் கார்க் கூலி கொடுக்க வழியில்லாது வாத்தியங்களும் பறிபோயின. சரக்குப் புகையிரதங்களில் ஒளித்தேறி ஊர் திரும்ப முயன்ற அவர்களுள் இருவர், சக்ஸபோன் வல்லுநரான லெஸ்ரர் யங்கும் பஸ்ரர் ஸ்மித்தும். அவர்களுக்குப் புகலிடம் அளித்தவர் யார்? அதே பென்னி மோட்டன்தான். முன்னர் அவர் ஆட்களைக் கவர்ந்தது போட்டியால். இப்போது ஏற்றுக்கொண்டதோ இவர்களின் அருமை அறிந்தமையால் என்றே நாம் கொள்கின்றோம்.

ஒன்றான கோஷ்டி

1935 ஏப்ரல் 2ஆந் திகதி மோட்டன் காலமானார். தொண்டையிலுள்ள டொன்சில் சதையை அகற்றும் சாதாரண சத்திரசிகிச்சையே அவர் உயிரைக் கொண்டு போயிற்று. அப்போது அவரது கோஷ்டி தொலைவிலுள்ள டென்வர் நகரில் வாசித்துக்கொண்டிருந்தது. தலைவனை இழந்தோர் சிதறினர். ஆனால், பேஸியும் பஸ்ரர் ஸ்மித்தும் கூடி, கன்ஸாஸ் சிற்றியின் 'றீனோ கிளப்' என்னும் சிறு விடுதியில் மீண்டும் ஒரு கோஷ்டியைத் திரட்டினர். வோல்ரர் பேஜ் வந்தார், றஷிங் வந்தார், லெஸ்ரர் யங்கும் வந்தார். பழைய புளூ டெவில்ஸ் மோட்டனின் ஊரிலே மறுபடியும் ஒன்றுகூடியது போலாயிற்று.

அவ்விடுதியின் நிகழ்ச்சியை உள்ளூர் வானொலி நிலையம் ஒன்று இரவில் ஒலிபரப்பிற்று. 1936இல், சிக்காகோ நகரில் மோட்டார் வண்டியிலிருந்த வானொலியைத் திருகிய ஜோன் ஹாமண்ட் என்னும் இசை விமரிசகரின் செவியில் அது விழுந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் கோஷ்டி நியூயோர்க்கை அடைந்தது. 1937இல் 'வன் ஓ குளொக் ஜம்ப்' இசைத்தட்டு வெளியாக, கவுண்ற் பேஸியின் பெயர் எங்கும் பரவிற்று. பேஸியின் பியானோ, பேஜின் பாஸ், ஃபிரெடி கிறீனின் கிற்றார், ஜோ ஜோன்ஸின் முரசு ஆகிய நான்கும் சேர்ந்த தாளப் பகுதியை ஜாஸ் உலகம் இன்றும் இலக்கணமாகக் கொள்கின்றது. பாடசாலையில் ஆசிரியர் பணித்து எடுத்த அந்த வாத்தியம் எவ்வளவு தூரம் நடந்துவிட்டது, பாருங்கள்!

எல்லோரும் புகழ் வெளிச்சத்துக்கு வந்தனர் என்று சொல்வதற்கில்லை. பஸ்ரர் ஸ்மித் புறப்படாது கன்ஸாஸ் சிற்றியிலேயே தங்கினார். ஆயினும், பின்னர் அவர் நடத்திய கோஷ்டியில் வந்து சேர்ந்து, அவர் வாசிப்பைக் கேட்டுத் தன் வழியைக் கண்டுகொண்ட இளைஞன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் சார்லி பாக்கர். 1940களில் ஜாஸ் இசையைப் புதுப்பாதையில் திருப்பிய மேதை அவனே.

1957இல் வோல்ரர் பேஜ் மறைந்தார். அவர் தம் பெயரால் விட்டுச் சென்றவை இரண்டே உருப்படிகள்; பிறர் பெயரால் விட்டுச் சென்றவற்றை எண்ணி முடியாது. கன்ஸாஸ் சிற்றியில் கறுப்பின வாத்தியக்காரர் சங்கத்தினர் கூடிய கட்டிடம் 1981இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒக்லஹோமா சிற்றியின் புளூ டெவில்ஸுக்கு அவர்களது அந்த ஒரு நாள் இசையே சின்னம்.

கூத்தாடிகள் இரண்டுபட்டால் கொண்டாட்டம் யாருக்கு என்று தொடக்கத்திற் கேட்டோம். வென்றவருக்குமன்று, தோற்றவருக்குமன்று. இரு திறத்தாரின் உழைப்பும் ஒன்றாகிக் காதில் விழ, அதனைக் கேட்டு இன்புறும் நமக்கே கொண்டாட்டம். போட்டியிடும் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக. எதிரில் நிற்பவனின் திறமையைக் காணும் கண் நமக்கிருந்தால், இன்றைய போட்டியாளன் நாளை நம் பக்கத்தில் நின்று வாசிப்பான்.