இடுப்புப் பிடித்துக்கொண்டால் படுத்தே கிடக்க வேண்டாம்!

"இடுப்பு புடிச்சுக்கிச்சு, எந்திரிக்க முடியலே, மண்டோர்கிட்ட சொல்லிடு."

காலைப் பிரட்டுக்கு வர முடியாத தொழிலாளி, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லி அனுப்புவது நம் தோட்டங்களில் நேற்று தொடங்கிய வழக்கமன்று. பாரோய் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்கள் பலவும் இன்று தாமான்களாகவும் கடைவரிசைகளாகவும் ஆகிவிட்டன. சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் சாலையில் விளையாட்டரங்கத்தைத் தாண்டிச் செல்லும் இளைஞருக்கு, பால் வாளியைக் காண்டாவில் தூக்கிய காலம் ஒரு கதைதான். ஆனால் இடுப்புவலி மட்டும் நம்மைவிட்டுப் போகவில்லை. அன்று குனிந்து அடிப்பட்டை வெட்டியவருக்கு வந்தது, இன்று செம்பனைக் குலை தூக்குகிறவருக்கு வருகிறது. செனவாங் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் அவர் மகனுக்கும் வருகிறது.

குலையைத் தூக்கித் திரும்பும்போது 'சுருக்'கென்று பிடிக்கும் இடுப்புவலியை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையே இன்று பேசப்போகிறோம். முதுகெலும்பே உடைந்துவிட்டதைப் போலத் தோன்றினாலும், பெரும்பாலும் நடந்திருப்பது அதன் இருபுறமும் உள்ள தசையோ, எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் நாரோ சற்று அளவுக்கு மீறி இழுபட்டதுதான். இழுபட்ட தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகுகிறது. அந்த இறுக்கந்தான் 'பிடிப்பு'. பயப்படாதீர்கள். பெரும்பாலோருக்குச் சில நாட்களில் வலி இறங்கத் தொடங்கி, சில வாரங்களில் ஓய்ந்துவிடும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? இரண்டில் ஒன்று. நாள் சம்பளம் போய்விடுமே என்று, வலியோடு மறுநாளே குலை தூக்கப் போவது. அல்லது "அசையாதீங்க, அப்படியே படுங்க" என்று வீட்டம்மா சொல்ல, ஒரு வாரம் பாயிலேயே கிடப்பது. இரண்டும் கெடுதி. முன்னது கெடுதி என்பதை யாரும் ஒப்புக்கொள்வார்கள். பின்னதைச் சொன்னால்தான் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்!

டாக்டர்களே ஒரு காலத்தில் இடுப்புவலிக்குப் படுக்கையைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். 1986-இல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சாராருக்கு 2 நாள் படுக்கை, மறு சாராருக்கு 7 நாள். ஏழு நாள் கிடந்தவர்களுக்குக் கூடுதல் குணம் எதுவும் கிடைக்கவில்லை. வேலை நாட்கள்தான் கூடுதலாகப் போயின. 1995-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் இன்னொரு சோதனை நடந்தது. சிலரைப் படுக்க வைத்தார்கள். சிலருக்கு இடுப்புப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களை, வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான காரியங்களைப் பாருங்கள் என்று விட்டுவிட்டார்கள். முதலில் தேறியவர்கள் இந்தக் கடைசிக் கூட்டத்தார்தாம்.

ஆனால் அவர்கள் பார்த்த 'வழக்கமான காரியம்' வேறு, செம்பனைக் காட்டில் நம்மவர் பார்க்கும் காரியம் வேறு. நடப்பது, நிற்பது, சிறு சமையல், துணி மடிப்பது, இவை சரி. பாரம் தூக்குவதும், குனிந்தபடியே ஒரு நாள் முழுக்க நிற்பதும், இடுப்பைத் திருகுவதும் கூடாது.

முதல் ஓரிரு நாள் வலி அதிகமாக இருக்கும்போது படுத்துக்கொள்ளலாம், தவறில்லை. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணையோ சுருட்டிய சாரமோ வைத்துக்கொள்ளுங்கள். ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வையுங்கள். இடுப்பு இறுக்கம் உடனே சற்றுத் தளரும். எழும்போது நேராக நிமிர்ந்து எழ முயலாதீர்கள். அங்கேதான் மறுபடியும் பிடிக்கும். முதலில் ஒருபக்கமாகப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். பாயில் படுப்பவர் புரண்டு, மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து எழலாம். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறையாவது வாசல்வரை நடந்துவிட்டு வாருங்கள். பத்தடி போதும்; மறுநாள் இருபதடி.

ஒத்தடம் நம் பாட்டிமார் கொடுத்த சொத்து. வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒற்றுவதும், நொச்சி இலையை வதக்கிக் கட்டுவதும் இறுக்கத்தைத் தளர்த்த உதவும். வெந்நீர்ப் பையும் அதே வேலையைச் செய்யும். 15, 20 நிமிடம் போதுமானது. ஒன்றே ஒன்று: கோடாலித் தைலமோ வேறு காரமான தைலமோ தடவிய இடத்தின்மேல் சூட்டு ஒத்தடம் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். நீரிழிவுக்காரருக்குச் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடுவதும் உண்டு. அவர்களுக்கு ஒத்தடம் கொடுப்பவர் முதலில் தம் கையில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும்.

இனி, மிதிக்கும் விஷயம். குப்புறப் படுத்துக்கொண்டு சின்னப் பிள்ளையை முதுகில் ஏறி நடக்கச் சொல்வதும், பிறக்கும்போது கால் முன்னே வந்தவரைத் தேடிப் பிடித்து இடுப்பில் உதைக்கச் சொல்வதும் நம்மவரிடையே உண்டு. "அவரு உதைச்சாரு, மூணாம் நாளே எனக்குச் சரியாப் போச்சுண்ணே!" என்பார்கள். பொய் சொல்லவில்லை, பாவம். உதைக்காமல் விட்டிருந்தாலும் அந்தப் பிடிப்பு அநேகமாக அதே மூன்றாம் நாளில்தான் இறங்கியிருக்கும்! பதமாகத் தேய்த்துவிடுவது சுகமாக இருந்தால் செய்துகொள்ளுங்கள். உதையும் மிதியும் வேண்டாம். உள்ளே எலும்பு விரிசல் கண்டிருந்தால் யார் பொறுப்பு?

மாத்திரைக்கும் பெரிய சக்தி இருப்பதாக நினைக்க வேண்டாம். 2014-இல் ஆஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம், திடீர் இடுப்புவலிக்குப் பாரசிட்டமால் (நாம் பனடோல் என்கிறோமே, அதே சரக்கு) கொடுத்துப் பார்த்தார்கள். அதைத் தின்றவர்கள் தேற சராசரி 17 நாள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை தின்றவர்களுக்கு 16 நாள்! பொன்ஸ்தான், வோல்டாரன் போன்றவை வலியைச் சற்றுக் குறைக்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் சாப்பிட்ட பிறகு, சில நாட்களுக்கு மட்டுமே.

இவற்றைவிட நமக்குக் கவலை தருவது, பாசார் மாலாமில் 'மூட்டுவலி, முதுகுவலிக்கு' என்று கூவி விற்கப்படும் ஜாமு உருண்டைகள். தின்ற அன்றே துள்ளி எழலாம். காரணம், அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைத் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதுதான். சுகாதார அமைச்சு இதைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் தின்றால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும், ஒளிரும் பாதுகாப்பு வில்லையும் இல்லாத பொட்டலத்தை வாங்கவே வேண்டாம்.

வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாத நேரமும் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்து இழுத்தாலோ, அந்த மணியே 999-ஐக் கூப்பிடுங்கள், அல்லது சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் கால் நிரந்தரமாகப் போய்விடலாம். கீழே விழுந்து வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, இராத்தூக்கத்தையும் கெடுத்து உடம்பை மெலிய வைக்கும் வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் வலி, இவற்றையும் டாக்டர் தாமதமின்றிப் பார்க்க வேண்டும். சில வாரங்களாகியும் இறங்காத வலியும் அப்படியே. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான்.

இப்போது சம்பள விவகாரம். இதைச் சொல்லாமல் 'ஓய்வெடுங்கள்' என்று எழுதுவது எளிது! வேலையில் இருக்கும்போது பிடித்துக்கொண்டால் அன்றைக்கே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லிவிடுங்கள். எந்த இடம், எத்தனை மணி, என்ன தூக்கினீர்கள், யார் பார்த்தார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். எம்.சி. 4 நாளுக்குக் குறையாமல் இருந்து, விபத்தும் வேலையில் நேர்ந்ததென்று ஏற்கப்பட்டால், தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு சொக்சோவிலிருந்து கிடைக்கும். 2019 முதல் நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு; அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் பிடித்துக்கொண்டதென்றால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு இருக்கிறது: வேலையில் 2 ஆண்டு நிறையாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. எம்.சி. எடுத்த செய்தியை 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் சொல்லாமல் நின்றதாகக் கணக்கு வைத்துவிடுவார்கள்.

"நீ தூக்கின விதம் சரியில்லே" என்று பழியை நம் தலையில் போடுவதும் வழக்கம். முழங்காலை மடக்கு, பாரத்தை உடம்போடு அணை, திருகாதே, எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் பாரத்தின் அளவை யார் பார்ப்பது? பிரிட்டன் அரசின் தொழில் பாதுகாப்பு அலுவலகம் ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. இடுப்பு உயரத்தில் உடம்போடு அணைத்துத் தூக்க, ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16. அதையே தரையிலிருந்து தூக்க வேண்டுமானால் ஆணுக்கு 10, பெண்ணுக்கு 7. அதற்கு மேற்பட்டால் ஆபத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. குலை விழுவது தரையில்தான்! முற்றிய மரத்தின் குலை 20 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். ஆகவே நல்ல கைவண்டியும், இருவர் சேர்ந்து தூக்கும் ஏற்பாடும், இயந்திரமும் கேட்பது சோம்பேறித்தனமன்று.

திரும்ப வேலைக்குப் போகும் முதல் வாரத்துக்கு இலகுவான வேலை எழுதித் தரும்படி டாக்டரிடமே கேளுங்கள். 'இலகு வேலை' என்று மட்டும் எழுதினால், உதிரிப் பழம் பொறுக்க அனுப்பிவிடுவார்கள். கையில் பாரம் இல்லை, உண்மைதான். ஆனால் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டிய வேலை அது. பிடித்த இடுப்புக்கு அதைவிடக் கெட்ட வேலை குறைவு. "குனியும் வேலை கூடாது, பாரம் தூக்கக் கூடாது" என்று இரண்டையும் சீட்டில் எழுதி வாங்கி, ஆபீசில் கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.