ஆவாரம்பட்டையும் தோல் சோபாவும்

தோல் சோபா உள்ள வீட்டில் முதலில் கறுப்பது தலை சாய்க்கும் இடம்தான். பளபளப்பு மங்கும், விரல் வைத்தால் பிசுபிசுக்கும், பிறகு மேல்பூச்சு நகத்தோடு உரிந்து வரும். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயும் உடம்பில் சுரக்கும் கொழுப்பும் பூச்சுக்குள் மெல்ல இறங்கி அதை இளக்கிவிடுகின்றன. அழுக்கு என்று எண்ணி நாம் அழுத்தித் தேய்ப்பது இளகிக் கிடக்கும் அந்தப் பூச்சைத்தான்.

அந்தப் பூச்சுக்கு அடியில் இருப்பதுதான் தோல். மாடோ ஆடோ, தோலின் பலமெல்லாம் கொலாஜன் என்ற புரத இழையில் இருக்கிறது. மூன்று சங்கிலிகள் சடைபோல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும் அமைப்பு அது. இதைக் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954-இல் ‘நேச்சர்’ இதழில் முதல் கட்டுரை வந்தது. கங்காரு வாலின் தசைநாண் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி, விழுந்த புள்ளிகளிலிருந்து அந்த முறுக்கைக் கணக்கிட்டார்கள். 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் சென்னையின் கிண்டி, அடையாறு வட்டாரத்தில்தான். உலகத்துத் தோலின் உள்கட்டை நம் ஊரில் அவிழ்த்தார்கள் என்பது பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

பச்சைத் தோல் ஈரத்தில் அழுகும், காய்ந்தால் பலகையாகும், சுமார் 60 டிகிரி சூட்டில் சுருங்கிவிடும். இழைகளுக்கு இடையே வேறொரு பொருள் புகுந்து அவற்றைப் பிணைத்தால்தான் அது கெடாத தோலாகும். தென்னாட்டில் நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தது ஆவாரம்பட்டை. தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் போன்ற மலையடிவாரக் கரிசல், செம்மண் காடுகளில் தானாக முளைத்துக் கிடக்கும் அதே ஆவாரைதான். பட்டையிலிருக்கும் டானின் கொலாஜனைப் பற்றிக்கொள்ளும். மாடு கட்டிக் கமலை இறைத்த காலத்தில் நீர் மொள்ளும் கூனையோடு கட்டிய தோல் வால் நாள் முழுக்கக் கிணற்றில் முங்கி எழுந்தும் அழுகாமல் உழைத்தது இப்படிப் பதனிட்டதால்தான். பின்னாளில் வாட்டில் மரப்பட்டை ஆவாரையின் இடத்தைப் பிடித்தது.

இன்றைய சோபாத் தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிட்டது. அதில் ஒரு துண்டைக் கொதிக்கும் நீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்காவிட்டால் பதம் சரி. அதன் பிறகு இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ள எண்ணெய் ஏற்றி, நிறம் கொடுத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு கொடுப்பார்கள்.

ஆகவே தாத்தா செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவியது சரி, நாம் சோபாவுக்குத் தடவுவது சரியல்ல. அந்தச் செருப்பில் பூச்சு கிடையாது, எண்ணெய் நேரே இழைக்குப் போனது. சோபாவில் அது இழைக்குப் போகாமல் பூச்சிலேயே நின்று தூசியைப் பிடிக்கும். தேங்காய் எண்ணெயோ 24 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது. மார்கழி விடியலில் தையல் இடுக்கெல்லாம் வெள்ளையாய் நிற்கும். சோப்பும் ஆப்பசோடாவும் அதைவிடக் கெடுதல். பதனிட்ட தோல் அமிலத்தன்மை உள்ளது, இவை காரம். காரம் படப்பட இழையின் பிணைப்பு தளரும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல். உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாதது, ஈரத்துணியே ஆகாது. பூச்சுள்ளதை நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுசாகத் துடைக்க வேண்டும். கறை உள்ள இடத்தை மட்டும் நனைத்தால், நீர் உலரும்போது உள்ளிருக்கும் உப்பையும் எண்ணெயையும் ஓரத்துக்குத் தள்ளி வளையம் போட்டுவிடும். துடைத்ததும் மின்விசிறியில் ஆறவிட வேண்டும், வெயிலில் அல்ல. தலை சாயும் இடத்தில் ஒரு துண்டை விரித்து வாரம் ஒருமுறை துவைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தேனிப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தச் சேதத்தோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. ஆடிக்காற்று கொண்டுவரும் மண்தூசி உப்புத்தாள் மாதிரி அறுக்கும். அதை முதலில் உலர்ந்த துணியால் தட்டி எடுக்காமல் ஈரத்துணி போட்டால் கீறல்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டும் நாள்களில் சுவரோடு ஒட்டிப் போட்ட சோபாவின் முதுகில் பூசணம் வரும். எல்லா வெள்ளையும் பூசணமல்ல. தோலுக்குள் இருக்கும் கொழுப்பே குளிரில் மேலே வந்து உறைவதும் உண்டு. முடி உலர்த்தியால் இளஞ்சூடு காட்டுங்கள்: கொழுப்பு உருகி மறையும், பூசணம் அப்படியே நிற்கும். கொழுப்பைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பூசணத்தை வாசலுக்கு வெளியே துலக்கி, சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். காற்று புகாத இடத்தில் அது திரும்பவும் முளைக்கும்.

செதில் செதிலாக உரிந்து உள்ளே துணி தெரியும் சோபாவுக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. அது தோலே இல்லை, துணிமேல் பூசிய பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுகளை அறுத்துக்கொண்டே இருப்பதால், உட்காராமல் வைத்திருந்தாலும் அது உரியும்.