பொது மிதிவண்டித் திட்டங்கள்: பயணத் தரவைத் திறந்து வைக்க வேண்டும் என்பது ஏன்?

புதுதில்லி: மெட்ரோ நிலைய வாயிலிலும் பேருந்து நிறுத்தங்களின் அருகிலும் வாடகைக்குக் கிடைக்கும் பகிர்வு மிதிவண்டிகள், ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பதிவை உருவாக்குகின்றன. வண்டி எங்கே எடுக்கப்பட்டது, எங்கே திருப்பி வைக்கப்பட்டது, இடையில் எத்தனை நிமிடங்கள் கழிந்தன என்பவை அப்பதிவில் அடங்கும். பதிவுகள் சேர்வது திட்டத்தை இயக்கும் நிறுவனத்தின் கணினியில். வண்டிகள் நிற்பது பெரும்பாலும் மாநகராட்சியின் நடைபாதையில். இடம் கொடுத்த நகரத்துக்கும் வண்டியை ஓட்டும் மக்களுக்கும் அத்தரவில் என்ன உரிமை என்பதை வரையறுப்பவையே 'திறந்த தரவு' நிபந்தனைகள்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மைசூருவில் 'டிரின் டிரின்' திட்டமும், அதே மாதம் போபாலில் மற்றொரு திட்டமும் தொடங்கப்பட்டன. மைசூரு திட்டத்துக்கு உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவி உலக வங்கி வழியாகக் கிடைத்தது. இவ்விரண்டும் வண்டியை எடுக்கவும் வைக்கவும் நிரந்தர நிலையங்களைக் கொண்டவை. பின்னர், நிலையமின்றிச் செயலி வழியே பூட்டைத் திறக்கும் வண்டிகளுடன் தனியார் நிறுவனங்கள் புணே உள்ளிட்ட நகரங்களுக்கு வந்தன. அவற்றுள் சீனாவைச் சேர்ந்த 'ஓஃபோ' 2018-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் சேவையை நிறுத்திக்கொண்டது.

இவ்வாறு ஒரு நிறுவனம் வெளியேறும்போது, ஒப்பந்தத்தில் தரவைப் பற்றிய விதி இல்லையெனில், மக்கள் எந்தத் தெருவில் எந்நேரத்தில் மிதிவண்டியைத் தேடினார்கள் என்ற கணக்கும் அதனுடன் போய்விடும். அடுத்து வரும் நிறுவனம் நிலையங்களுக்கான இடத்தை மறுபடியும் ஊகத்தின் பேரில் தேர்ந்தெடுக்க நேரிடும். மிதிவண்டிப் பாதை எங்கே தேவை என்று மாநகராட்சிப் பொறியாளர் கேட்டாலும் காட்டுவதற்குச் சான்று இராது.

இரண்டு வகைத் தரவு

முதலாவது நிகழ்நேரத் தரவு. இந்த நொடியில் எந்த நிலையத்தில் எத்தனை வண்டிகள் உள்ளன, வண்டியைத் திருப்பி வைக்க எத்தனை இடங்கள் காலியாக உள்ளன, நிலையம் இயங்குகிறதா, இத்தகவல் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பவை இதில் அடங்கும். இதற்கென 'ஜிபிஎஃப்எஸ்' என்ற பொது வரையறையை வட அமெரிக்க மிதிவண்டிப் பகிர்வுச் சங்கம் 2015-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. எல்லா நிறுவனங்களும் தரவை ஒரே வடிவில் வெளியிடுவதால், ஒரு வரைபடச் செயலி பல நகரங்களின் வண்டிகளையும் காட்ட முடிகிறது. பயணியும் ஊருக்கொரு செயலியைப் பதிவிறக்க வேண்டியதில்லை. பேருந்து, ரயில் அட்டவணைகளுக்கு இத்தகைய பொது வடிவம் முன்பே உண்டு. தில்லி அரசு 2018-ஆம் ஆண்டு தொடங்கிய திறந்த போக்குவரத்துத் தரவுத் தளத்தில் பேருந்துகளின் இருப்பிடம் அவ்வடிவிலேயே வழங்கப்படுகிறது.

இரண்டாவது பயண வரலாறு. நியூயார்க் நகரில் 2013-ஆம் ஆண்டு தொடங்கிய 'சிட்டி பைக்' திட்டம், முடிந்த பயணங்களின் தொடக்க நிலையம், முடிவு நிலையம், நேரம் ஆகியவற்றை மாதந்தோறும் வெளியிட்டு வருகிறது. ஊழியர்கள் வண்டியை இடம் மாற்றுவதற்காகச் செய்த பயணங்களும், ஒரு நிமிடத்துக்கும் குறைவான பயணங்களும் அதில் நீக்கப்படுகின்றன. பூட்டு சரியாக விழுந்ததா என்று சோதித்துப் பார்த்ததெல்லாம் பயணமாகக் கணக்கிடப்படக் கூடாதல்லவா!

பயண வரலாற்றை மட்டும் வைத்து ஒரு நகரம் முடிவெடுத்தால் தவறு நேரக்கூடும். காலை எட்டு மணிக்கு நிலையத்துக்கு வந்து, வண்டி ஒன்றும் இல்லாததால் ஆட்டோவில் ஏறிச் சென்றவரின் பயணம் எப்பட்டியலிலும் இடம்பெறாது. எப்போதும் வெறுமையாகக் கிடக்கும் நிலையம், ஆளே வராத நிலையத்தைப் போலத் தோற்றமளிக்கும். நிகழ்நேரத் தரவைத் தொடர்ந்து சேமித்து வைத்தால்தான் எந்த நிலையம் எத்தனை மணி நேரம் காலியாக இருந்தது என்பது தெரியவரும். பராமரிப்பில் ஒப்பந்தப்படி நடக்காத நிறுவனத்துக்கு அபராதம் விதிப்பதற்கும் அதுவே சான்று. நிறுவனமே தயாரிக்கும் மாதாந்தர அறிக்கையைச் சரிபார்க்க நகர நிர்வாகத்துக்கு வேறு எளிய வழி இல்லை.

தனியுரிமைக்கு ஆபத்து உண்டா?

உண்டு. லண்டன் பொது மிதிவண்டித் திட்டம் வெளியிட்ட பயணத் தரவில் பயணிகளின் பெயர் இல்லை. ஆயினும் ஒவ்வொருவருக்கும் உரிய மாறாத எண் இடம்பெற்றிருந்ததை 2014-ஆம் ஆண்டு ஒருவர் சுட்டிக்காட்டினார். ஒரே எண் தினமும் காலையில் ஒரு நிலையத்தில் தொடங்கி மற்றொன்றில் முடிந்தால், அவருடைய வீடும் அலுவலகமும் எங்கே இருக்கின்றன என்பதை அறிவது கடினமன்று. நிலையமற்ற வண்டிகளில் வண்டியின் எண்ணே இதற்குப் போதும். வீட்டு வாசலில் நின்ற வண்டி சற்று நேரத்தில் மருத்துவமனை வாசலில் தென்பட்டால், சென்றவர் யார் என்று அண்டை வீட்டார் ஊகித்துவிடலாம். இதனால், 2020-ஆம் ஆண்டு வெளியான ஜிபிஎஃப்எஸ் இரண்டாம் பதிப்பு, பயணம் ஒவ்வொன்றும் முடிந்தபின் வெளியில் காட்டப்படும் வண்டி எண் மாற வேண்டும் என்று வகுத்தது. பயண வரலாற்றை வெளியிடும்போது பயணியின் எண்ணை முற்றிலும் நீக்குவதும், நேரத்தைத் தோராயமாக்குவதும் பயன் தரும்.

நாடாளுமன்றம் 2023-ஆம் ஆண்டு நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பயணியின் பெயர், கைபேசி எண் போன்றவற்றைக் கையாளும் நிறுவனத்தின் மீது கடமைகளை விதிக்கிறது. ஆனால் ஒரு நிலையத்தில் ஏழு வண்டிகள் நிற்கின்றன என்பது எவருடைய தனிப்பட்ட தகவலும் அன்று. தனியுரிமையைக் காரணம் காட்டி அதையும் மூடி வைப்பது பொருந்தாது.

சட்டம் எட்டாத இடம்

மத்திய அரசின் தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை 2012-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அது பொது நிதியில் உருவாகி மத்திய அரசுத் துறைகளிடம் இருக்கும் தரவுக்கு உரியது. தனியார் முதலீட்டில் ஓடும் மிதிவண்டியின் பதிவுகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆவது பிரிவு, கேட்காமலேயே தகவல்களை வெளியிடுமாறு அரசு அமைப்புகளைப் பணிக்கிறது. எனினும் மாநகராட்சியின் கைக்கே வராத தரவை மாநகராட்சியிடம் கேட்டுப் பெற இயலாது. வந்த தரவுக்கும், வணிக இரகசியம் என்ற காரணத்தால் 8-ஆவது பிரிவின்கீழ் விலக்குக் கோரப்படலாம்.

ஆகவே தரவு நிபந்தனை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே இடம்பெற வேண்டியிருக்கிறது. எந்த வடிவில், எத்தனை நொடிக்கு ஒருமுறை, எந்தப் பயன்பாட்டு உரிமத்துடன் தரவு வெளியிடப்படும் என்பதும், கடவுச்சொல்லோ கட்டணமோ இன்றி எவரும் அதை எடுக்கலாம் என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது முழுத் தொகுப்பும் நகரத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். மாதத் தொகை வழங்கும் திட்டமாயின், தரவு நின்றுபோன நாள்களுக்குப் பிடித்தம் செய்யலாம். செலவு மிகும் என்ற வாதத்துக்கு இங்கே வலுவில்லை. நிறுவனத்தின் சொந்தச் செயலி வரைபடத்தில் வண்டிகளைக் காட்டுவதற்கு இதே தரவைத்தான் ஏற்கெனவே பயன்படுத்தி வருகிறது. கையெழுத்தான பின்னர் கேட்டால், அது கூடுதல் பணியாகக் கருதப்பட்டு அதற்குத் தனியே விலை பேசப்படும்.