12 மணிக்கு விலை இருக்கும், வாங்க ஆள் இருக்காது

ஒலுவில் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குத் தன் பங்கின் விலை 51 ரூபாய் என்று கைப்பேசியில் பார்த்திருக்கிறார். பகல் 12 மணி தாண்டி, ஜும்ஆவுக்குப் புறப்படும் அவசரத்தில், கிடைக்கும் விலைக்கு விற்கச் சொல்லிவிட்டார். கைக்கு வந்தது 49 ரூபாய்ச் சொச்சம். இடையில் யார் எடுத்தது என்பது அவர் கேள்வி. சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் வந்த கடிதங்களிலும் இதே குழப்பம்தான். பிற்பகல் 2.30க்குச் சந்தை மூடிவிடும் என்ற பயத்தில் பலர் நடுப்பகலிலேயே விற்றுவிடுகிறார்கள். கணக்குத் திறந்து, வாங்கி விற்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

யாரும் எடுக்கவில்லை. திரையில் தெரிந்த 51 ரூபாய், கடைசியாக நடந்து முடிந்த வியாபாரத்தின் விலை. அடுத்து விற்பவருக்கும் அதே விலை கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. 51 கொடுக்க இருந்தவர் வாங்கிவிட்டுப் போய்விட்டார். வரிசையில் அடுத்து நின்றவர் 49 சொச்சம்தான் தருவதாகச் சொல்லியிருந்தார். “கிடைக்கும் விலைக்கு” என்று சொன்னதால் பங்கு அவரிடம் போயிற்று.

கரைக்குத் தெரிந்த கணக்கு

இது நம் கரையோரத்தாருக்குப் புதிதல்ல. விடியற்காலையில் தோணிகள் கரை தொட்டதும் மீன் ஏலம் தொடங்குகிறது. வெளியூர் லொறிக்காரர்கள், சந்தை வியாபாரிகள், சைக்கிளில் பெட்டி கட்டி வருபவர்கள் எல்லோரும் அங்கே நிற்பார்கள். பத்துப் பேர் கேட்கும்போது பாரைக்கு ஒரு விலை. வெயில் ஏறி, லொறிகள் போன பிறகு கரைக்கு வரும் தோணிக்கு ஒரே ஒரு வியாபாரிதான் மிச்சம். அவர் சொன்னதே விலை. மீன் அதேதான், கேட்பவரின் எண்ணிக்கைதான் குறைந்துவிட்டது.

பங்குச் சந்தையும் இப்படித்தான். 1980களில் நியூயோர்க் சந்தையின் வியாபாரத்தை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், நாளின் தொடக்கத்திலும் முடிவிலும் பரபரப்பும் நடுவில் தொய்வும் இருப்பதைக் கண்டார்கள். பின்னர் உலகின் பல சந்தைகளிலும் இதே வடிவம் தெரிந்தது. இரவு முழுக்கச் சேர்ந்த செய்திகள் காலையில் விலையாகின்றன. அன்றைய கணக்கை அன்றே முடிக்க வேண்டியவர்கள் மாலையில் அவசரப்படுகிறார்கள். இதற்கு மேல் ஒரு காரணமும் உண்டு: கூட்டம் இருக்கும் நேரத்தில் விற்றால்தான் நல்ல விலை கிடைக்கும் என்று ஒவ்வொருவரும் நினைப்பதால், கூட்டம் இருக்கும் நேரத்திலேயே மேலும் கூட்டம் சேர்கிறது. நடுப்பகல் இன்னும் மெலிகிறது.

கொழும்புப் பங்குச் சந்தை காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை, 5 மணி நேரம் திறந்திருக்கிறது. ஆனால் கதவு திறந்திருப்பதும் வியாபாரம் நடப்பதும் ஒன்றல்ல. இதை ஒலுவிலில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. டென்மார்க்கின் நிதியுதவியோடு 2008இல் கட்டத் தொடங்கி, 2013இல் பெரும் வாக்குறுதிகளோடு திறந்துவைத்த துறைமுகம் அங்கே இருக்கிறது. வர்த்தகக் கப்பல்கள் வந்து போகும் துறைமுகமாக அது ஆகவில்லை. வாயில் மணல் மூடி மீன்பிடிப் படகுகளே திண்டாடின. வடக்கே கரையைக் கடல் அரித்தது. திறந்திருக்கும் மணித்தியாலங்களை எண்ணிச் சந்தையின் வலிமையைச் சொல்பவர்களிடம், அந்த மணித்தியாலங்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

9 மணிக்கும் 9.30க்கும் இடையில்

இந்த மெலிவுக்குச் சந்தை வைத்திருக்கும் மருந்து காலையிலேயே இருக்கிறது. நான் இதில் வியக்கும் ஏற்பாடும் அதுதான். 9 மணி முதல் கட்டளைகளை வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் எதையும் நிறைவேற்றுவதில்லை. 9.30க்குப் பொருந்துபவற்றை எல்லாம் ஒரே தடவையில், ஒரே விலையில் முடிக்கிறார்கள். அந்த விலை எப்படி வருகிறது? ஒரு கற்பனைக் கணக்கு.

வாங்க வந்தவர்கள்: 52 ரூபாய் வரை கொடுக்க 300 பங்குக்கு ஆள், 51 வரை 500க்கு, 50 வரை 400க்கு. விற்க வந்தவர்கள்: 49 கிடைத்தால் போதும் என்று 200 பங்கு, 50க்கு 400, 51க்கு 500, 52க்கு 300. விலை 50 என்றால் விற்க 600 பங்குதான் வரும். 52 என்றால் வாங்க 300க்குத்தான் ஆள். 51இல் வாங்குபவர்கள் 800 பங்கு கேட்கிறார்கள், விற்பவர்களிடம் 1,100 இருக்கிறது. 800 பங்கு கைமாறும். எந்த விலையில் அதிகப் பங்கு கைமாறுமோ அதுவே திறப்பு விலை: 51 ரூபாய்.

இப்போது பாருங்கள். 52 கொடுக்கத் தயாராக வந்தவரும் 51தான் கொடுக்கிறார். 49 போதும் என்றவருக்கும் 51 கிடைக்கிறது. 51 கேட்டு நின்ற 500 பங்கில் முதலில் வந்த 200 விற்கிறது, மீதி 300 வரிசையில் காத்திருக்கிறது. கரையில் ஏலம் கூறுபவர் ஒரு கூறுக்கு ஒருவரைத்தான் தேர்வார். இங்கே ஊர் முழுவதற்கும் ஒரே விலை. கொழும்பில் இருப்பவருக்கும் கல்முனையில் இருப்பவருக்கும் அந்த ஒரு நொடியில் வேறுபாடு இல்லை.

என்னைக் கவலைப்படுத்தும் பகுதியும் இதே அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. போட்ட கட்டளையை இந்த நேரத்தில் திரும்ப எடுக்கலாம். வாங்க மனமில்லாத ஒருவர் 52க்குப் பெரிய கட்டளை போட்டு விலை ஏறப்போவதாகக் காட்டி, கடைசி நேரத்தில் நீக்கிவிட முடியும். இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தை இதற்கு ஒரு தடை வைத்தது. அங்கே காலை 9 மணிக்குத் தொடங்கும் கட்டளை வாங்கும் நேரம் 9.07க்கும் 9.08க்கும் இடையில் ஏதோ ஒரு நொடியில் முடியும். எந்த நொடி என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கடைசி நேரம் எதுவென்று தெரியாவிட்டால் கடைசி நேரத்தில் விளையாட முடியாது.

மொத்தப் புரள்வை நம்பலாமா?

அன்றைய புரள்வு இத்தனை கோடி என்ற அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள். தரகர்கள் “கிராஸிங்” என்று சொல்லும் பெரும் வியாபாரங்கள், இரு தரப்பும் முன்பே பேசி முடித்தவை, அதில் சேர்ந்திருக்கும். ஒரே கைமாற்றம் அன்றைய எண்ணைப் பல மடங்கு காட்டலாம். அந்தக் கோடிகளில் உங்கள் 200 பங்கை வாங்க நின்றவர் யாரும் இல்லை.

மற்றக் கேள்விகள்

ஜும்ஆவுக்குச் சந்தை நிற்குமா? கொழும்பில் நிற்காது, பாகிஸ்தானிலும் இந்தோனேசியாவிலும் வெள்ளிக்கிழமை நீண்ட இடைவேளை உண்டு.

அந்த நேரம் நான் திரை முன் இருக்க வேண்டுமா? வேண்டாம், விலையைக் குறித்த கட்டளை உங்களுக்காகக் காத்திருக்கும்.

2.30க்குள் விற்காவிட்டால்? அன்றைக்கு மட்டும் என்று போட்ட கட்டளை காலாவதியாகும். பங்கு உங்களிடமே இருக்கும்.

பணம் எப்போது? விற்ற நாளுக்குப் பின் 2 வேலை நாட்களில்.

போயா தினத்தில்? மூடியிருக்கும்.

நேரம் திடீரென மாறுமா? மாறியிருக்கிறது, 2022 ஏப்ரல் 18 முதல் ஒரு வாரம் சந்தையையே மூடினார்கள், 25ஆம் திகதி திறந்த அன்றே சுட்டெண் சரிந்து வியாபாரம் நிறுத்தப்பட்டது.

பங்கு வியாபாரம் ஹலாலா? அது உலமாக்களிடம் கேட்க வேண்டியது.

ஒலுவில் வாசகருக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த தடவை 9.30க்கு முன்பே, இந்த விலைக்குக் கீழே விற்க மாட்டேன் என்று ரூபாயைக் குறித்துக் கட்டளையைப் போட்டுவிடுங்கள். விற்றால் நீங்கள் கேட்ட விலைக்குக் குறையாமல் விற்கும்; விற்காவிட்டால் நாளைக்கும் சந்தை உண்டு. வெறிச்சோடிய நேரத்தில் “கிடைக்கும் விலைக்கு” என்று மட்டும் சொல்லாதீர்கள்.