இருதாரத்து மக்களும் தாயபாகமும்

திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில், ஒரு வரப்பே இடையிட்ட இரு குடும்பங்களை நாம் மனத்தில் எண்ணிக்கொள்வோமாக. ஒன்று இந்துக் குடும்பம். மற்றது கிறிஸ்தவக் குடும்பம். இரண்டிலும் தந்தை, மூத்ததாரம் இறந்தபின் மறுவிவாகம் செய்து, இருதாரத்திலும் மக்களைப் பெற்றவர். அவர் உயிலின்றிக் காலஞ்சென்றால், அவருடைய சுயார்ஜிதச் சொத்தில் மனைவியின் பங்கு போக எஞ்சியது, ஆணாயினும் பெண்ணாயினும், மக்கள் யாவர்க்கும் சமமே. மூத்ததாரத்துப் பிள்ளைக்கே முதலுரிமை என்பது திண்ணைப் பேச்சேயன்றிச் சட்டமன்று.

பெற்றோர்க்குப்பின் அம்மக்களுள் ஒருவர் விவாகமாகாமலும் உயில் எழுதாமலும் இறப்பாராயின், அப்பொழுதே வேற்றுமை தோன்றும். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, ஒருதாய் வயிற்றுப் பிறந்தோர் இருக்க, மாற்றாந்தாய் மக்களை விலக்குகின்றது. அண்ணன் தோளில் வளர்ந்த இளையதாரத்துத் தங்கைக்கு அவன் நிலத்தில் ஒரு பிடி மண்ணும் இல்லை! கிறிஸ்தவர்க்குரிய 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டமோ இப்பேதத்தைப் பாராட்டுவதில்லை. உடன்பிறந்தார் அனைவரும் சமபங்கு பெறுவர். இதுவே நியாயமென்பது நம் துணிபு.

அண்ணன் உயில் எழுதியிருப்பின் தங்கைக்கு இவ்விழப்பு இல்லை. அவன் கையொப்பமும், சாட்சிகள் இருவர் கையொப்பமும் வேண்டும், பதிவு கட்டாயமன்று. கிறிஸ்தவர் கருதவேண்டிய மற்றொன்றும் உண்டு. மூத்ததாரத்து மக்களுக்கென்று முன்னர் எழுதிய உயில், தந்தையின் மறுவிவாகத்தால் 69-ஆம் பிரிவின்படி தானே ரத்தாகும். புதிய உயில் எழுதாது அவர் இறப்பின், மனைவிக்கு மூன்றிலொன்று. எஞ்சியது இருதாரத்து மக்களுக்கும் சமமாம்.