மருந்து அடித்தும் உண்ணி போகவில்லையா?

"இப்போதுதானே மருந்து அடித்தோம், அதற்குள் மடியில் மறுபடி உண்ணியா?" என்று கேட்கிறீர்களா? மருந்துக் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் கொட்டகைச் சுவரின் இடுக்குகளைப் பாருங்கள்.

ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பிய பெண் உண்ணி, மாட்டிலிருந்து உதிர்ந்து தரை வெடிப்பிலோ சுவர் இடுக்கிலோ ஒதுங்கும். அங்கே 2,000 முட்டைக்கு மேல் இட்டுவிட்டுச் சாகும். பொரிந்து வரும் குஞ்சுகள் மாடு கிடைக்கும்வரை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். மாட்டுக்கு மட்டும் மருந்து அடித்தால் இவை அப்படியேதான் இருக்கும். அதே நாளில் கொட்டகையையும் பாருங்கள். இடுக்குகளைப் பூசி அடையுங்கள்.

சரி, எப்படி அடிப்பது? பரவலாகக் கிடைப்பது டெல்டாமெத்ரின் (உண்ணியின் நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்து). 1.25 சதவீத மருந்தென்றால் வழக்கமாக லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. ஆனாலும் புட்டியில் உள்ள அளவை ஒருமுறை படித்துவிடுங்கள். சிக்கனம் பார்த்து நீர்க்கக் கலந்தால் வலுவான உண்ணி பிழைத்து, அடுத்த தலைமுறை மருந்துக்கே அடங்காமல் போகும்.

முதுகில் தெளித்தால் போதாது. காதின் உள்பக்கம், அலைதாடி, தொடை இடுக்கு, மடி, வாலடி எல்லாம் நனைய வேண்டும். முன்னதாக வயிறாரத் தண்ணீர் காட்டிவிடுங்கள்; தாகத்தில் உடம்பை நக்காது. பால் கறந்த பிறகு அடித்து, அடுத்த கறவைக்கு முன் மடியைக் கழுவுங்கள். நீங்கள் கையுறை போடுங்கள். வாளியைக் குளத்தில் அலசாதீர்கள், மீன் செத்து மிதக்கும்.

ஊசி போட்டால் வேலை சுலபமில்லையா? ஐவர்மெக்டின் (ரத்தம் வழியாக ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்து) தோலுக்கடியில் போடுவார்கள். 1 சதவீத ஊசியென்றால் 50 கிலோ எடைக்கு 1 மில்லி. ஆனால் அது பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. கறவை மாட்டுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. மற்ற மாடுகளுக்கும் மருத்துவர் சொன்ன பிறகே.

மிச்சத்தை வீட்டு நாய்க்குப் போடலாமா? கூடாது. மாட்டுக்கான அடர்த்தி நாய்க்கு எளிதில் மிஞ்சிவிடும். கோலி இன நாய்கள் செத்தும் போகலாம். டெல்டாமெத்ரினைப் பூனை மேல் தெளிப்பதும் ஆபத்து.

மாட்டுக்குக் காய்ச்சலோடு மூத்திரம் சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ போனால், உண்ணி பரப்பிய ரத்த நோயாக இருக்கலாம். அப்போது உண்ணி மருந்தால் பயனில்லை. தமிழ்நாட்டில் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், அன்றைக்கே அழையுங்கள்.